செஞ்சிச் சீமையில் குழந்தை மருத்துவம்: அம்மை குத்தியவர் முதல் கிராம செவிலியர் வரை

செஞ்சி, திருவண்ணாமலை, சேத்துப்பட்டு ஆகிய மூன்று ஊர்களுக்கும் நடுவில், விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் வட்டத்தில் அமைந்திருக்கிறது அவலூர்பேட்டை. ஏரித் தண்ணீரை நம்பிய நெல், மழையை நம்பிய மல்லாட்டை என்னும் நிலக்கடலை, ஆடு மாடு என்று வாழ்ந்துவந்த செஞ்சிச் சீமையின் மேட்டு நிலம் இது. 1993 செப்டம்பரில் விழுப்புரம் தனி மாவட்டமாகும் வரை இந்தப் பகுதி முழுதும் தென்னார்க்காடு ஜில்லாவில் அடங்கியிருந்தது. சென்னையும் வேலூரும் புதுச்சேரியும் பெரிய மருத்துவமனைகளால் பெயர்பெற்ற காலத்திலும், இங்கிருந்து மாட்டு வண்டி கட்டி அங்கெல்லாம் போய்ச் சேருவதற்குள் காய்ச்சல் கண்ட பிள்ளையின் கதை பெரும்பாலும் முடிந்துவிடும். அதனால் இந்த வட்டாரத்தின் குழந்தை மருத்துவ வரலாற்றை மருத்துவமனைக் கட்டடங்களை வைத்து எழுத முடியாது. வீட்டு வாசல் வரை நடந்துவந்த மனிதர்களை வைத்தே எழுத வேண்டும்.

அப்படி நடந்துவர வேண்டிய தேவையே இல்லாமல் வீட்டிலேயே இருந்தது பாட்டி வைத்தியம். பிறந்த குழந்தைக்கு வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் முதலியவற்றைக் கல்லில் தாய்ப்பால் விட்டு உரசி நாக்கில் தடவுவது உரை மருந்து. வாய்ப்புண் வந்தால் அக்கரம், வயிறு உப்பினால் மாந்தம், உடம்பு காய்ந்து மெலிந்தால் கணை, காரணம் தெரியாமல் அழுதால் தோஷம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. பெயருக்கேற்ற மூலிகையோ வேப்பிலை மந்திரிப்போ இருந்தது. சித்த மருத்துவத்தில் பிள்ளைப் பிணிகளுக்கென்றே பாலவாகடம் என்னும் தனிப்பிரிவு உண்டு. மருந்து உண்டாக்கிய கெடுதலைவிட, மருந்தோடு சேர்ந்துவந்த சில பழக்கங்களே அதிகக் கெடுதல் செய்தன. சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது, தொப்புளில் சாணமோ சாம்பலோ வைப்பது, வலிப்பு கண்டால் வயிற்றில் சூடு போடுவது, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுப்பது ஆகியவை எல்லாம் அந்த வகை. தொப்புளில் வைத்த சாணம் வழியாகத்தான் ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் பிறந்த குழந்தைகளுக்குள் புகுந்தது.

பழைய அறிவு எல்லாமே தவறு என்று தள்ளவும் முடியாது. பேதி கண்ட குழந்தையின் உச்சிக்குழி பள்ளமாகிவிட்டால் ஆபத்து என்பது கிராமத்துக் கிழவிகளுக்குத் தெரியும். இன்றைய குழந்தை மருத்துவரும் கை வைத்துப் பார்க்கும் முதல் இடங்களில் உச்சிக்குழியும் ஒன்று. அது உள்வாங்கியிருந்தால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். அறிகுறியைச் சரியாகப் படித்தார்கள். ஆனால் செய்ய வேண்டியதற்கு நேர் மாறாக, வயிற்றுக்கு ஒன்றும் கொடுக்காதே என்று தண்ணீரையும் பாலையும் நிறுத்தினார்கள். உச்சியில் எண்ணெய் வைத்துத் தட்டினார்கள். இந்த ஒரு தவறு எத்தனை உயிரைக் கொண்டுபோயிருக்கும் என்பதற்குக் கணக்குக் கிடையாது.

வெளியிலிருந்து முதலில் ஊருக்குள் வந்த குழந்தை மருத்துவர் என்று சொல்லத் தக்கவர் அம்மை குத்துகிறவர். பெரியம்மை இங்கே நோயாக மட்டும் இருந்ததில்லை. அது அம்மனின் வருகை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகப்படும். தாளிப்பு வாசனை எழக்கூடாது. வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. கூழும் இளநீரும்தான் உணவு. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றும் வரை யாரும் வெளியூர் போகக்கூடாது. பக்தியின் பெயரால் நடந்தாலும் இது ஒரு நல்ல தனிமைப்படுத்தும் முறை. நோய் பரவுவதை ஓரளவு தடுத்திருக்கும். நோய் கண்ட பிள்ளையைக் காப்பாற்ற அதனால் ஆகவில்லை.

பெரியம்மையைத் தடுக்கும் எட்வர்ட் ஜென்னரின் பசு அம்மைப் பால் 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் முதன்முதலாக வேலை செய்தது. அங்கிருந்து கைக்குக் கை மாறி அதே ஆண்டில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குளிர்ப்பெட்டி இல்லாத காலம். குத்திய எட்டாம் நாள் ஒரு குழந்தையின் கொப்புளத்திலிருந்து நிணநீர் எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். மருந்தைச் சுமந்து சென்ற பாத்திரம் குழந்தையின் உடம்புதான். தன் பிள்ளையின் புண்ணைக் கீறி இன்னொரு சாதிப் பிள்ளைக்குக் குத்த எந்தத் தாயும் மனமுவந்து சம்மதிக்கவில்லை. அம்மனுக்குக் கோபம் வரும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் துரை இதற்கு ஒரு வழி கண்டார். பசுவின் மடியில் தோன்றும் இந்த அம்மை, சக்தியே மக்களுக்கு அருளிய புதிய வரம் என்று, தன்வந்திரியும் சக்தியும் உரையாடுவதுபோல் தமிழில் ஒரு நூல் இயற்றினார். திருக்குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ்தான். அரசு விளம்பரத்துக்கு இவ்வளவு நயமான உத்தி அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் அதிகம் கையாளப்படவில்லை.

1884இல் வந்த சென்னை அம்மை குத்தும் சட்டம், அறிவிக்கப்பட்ட இடங்களில் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்க வழிவகுத்தது. கன்றுக்குட்டியின் தோலிலிருந்து மருந்து எடுக்கும் முறை வந்ததும் குழந்தைக்குக் குழந்தை மாற்றும் தொல்லை ஒழிந்தது. அந்த மருந்தைத் தயாரிக்கவே 1899இல் கிண்டியில் கிங் நிலையம் தொடங்கியது. சுகாதாரக் கமிஷனராக இருந்த கிங் என்பவரின் பெயர் அதற்கு. ஆனாலும் வெயில் ஏறிய சாலையில் கிண்டியிலிருந்து செஞ்சி வருவதற்குள் மருந்து வீரியம் இழந்துவிடும். குத்தியும் பிடிக்காமல் போனதற்கு இதுவே பெரிய காரணம். வெப்பத்தைத் தாங்கும் உறைபனியுலர்த்திய தூள் மருந்து பிற்காலத்தில் வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. அதைத் தயாரித்த இந்திய நிலையங்களில் கிண்டியும் ஒன்று. 1975 மே மாதத்தில் அஸ்ஸாமில் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். 1977இல் இந்தியா பெரியம்மை இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. அம்மை குத்துவது நிறுத்தப்படுவதற்கு முன் பிறந்தவர்கள் பலரின் கையில் வட்டத் தழும்பு இருக்கும். பின்னால் பிறந்தவர்களுக்கு அது கிடையாது.

குழந்தையைக் காப்பதற்கு முன் தாயைக் காக்க வேண்டும் என்ற உணர்வு இந்த மாவட்டத்திலிருந்தே ஒரு பெரிய நிறுவனத்துக்கு வித்திட்டது. 1890களில் திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷனின் மருத்துவராக இருந்தவர் ஜான் ஸ்கடர். ஒரே இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து அவர் மகள் ஐடாவைப் பிரசவம் பார்க்க அழைத்தார்கள். ஐடாவுக்கு அப்போது மருத்துவம் தெரியாது. ஆண் மருத்துவர் தங்கள் பெண்களைத் தொடக்கூடாது என்று அவர்கள் மூவருமே தந்தையை மறுத்துவிட்டார்கள். மறுநாள் மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பிவந்து வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சை தொடங்கினார். 1902இல் ஷெல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று வளர்ந்து இன்றைய கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) ஆனது. மோட்டார் வண்டி கிடைத்த பிறகு மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்க்கும் சாலையோர மருத்துவத்தையும் ஐடா நடத்தினார். கண்வலி, சிரங்கு, பேதி என்று தூக்கிவந்த குழந்தைகளே அங்கே வரிசையில் அதிகம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. ஆண் மருத்துவரை மறுக்கும் அந்த நிலைமை செஞ்சிச் சீமையின் வீடுகளிலும் வேறாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

1939இல் சென்னை மாகாணம் இந்தியாவிலேயே முதலாவதான பொது சுகாதாரச் சட்டத்தை இயற்றியது. தாய் சேய் நலத்துக்கான நடவடிக்கைகளை ஸ்தல ஸ்தாபனங்களின் பொறுப்பாக்கும் தனி அத்தியாயம் அதில் இடம்பெற்றது. மறுபக்கம் நகரத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் எஸ்.டி. ஆச்சார் குழந்தை மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்தார். அவர் பெயர் தாங்கிய பாடநூலை இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை அந்த மரபில் வந்தது. குழந்தை என்பது சின்ன உருவிலான பெரியவர் இல்லை, அதன் மருந்தளவு எடையைப் பொறுத்தது, அதன் நோய்கள் வேறு என்பதை ஒரு கல்வித் துறையாக நிலைநாட்டியது இந்தத் தலைமுறை.

அந்தக் காலத்துக் குழந்தை நோய்களில் இன்று ஏறக்குறைய மறைந்துபோன ஒன்றைச் சற்று நின்று பார்க்கலாம். பால்குடி மாறும் வயதில் ஈரல் வீங்கிக் கல்லாக இறுகி, காமாலை கண்டு, சில மாதங்களில் பிள்ளை இறந்துபோகும். ஈரல் கட்டி என்பார்கள். ஓரளவு வசதியான வீடுகளில்தான் அதிகம் வந்தது என்பது எல்லோரையும் குழப்பியது. சென்னையில் ஜம்மி வேங்கடரமணய்யாவின் லிவர்க்யூர் மருந்துக்குத் தென்னாடெங்கும் பெயர் பரவியது இந்த நோயால்தான். 1980களில் புனேயில் நடந்த ஆய்வுகள் மூலத்தைத் தொட்டன: ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பால். பாலோடு இறங்கிய செம்பு, பச்சிளம் ஈரலில் தங்கிவிடுகிறது. ஈயம் பூசுகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்த வரை ஓரளவு காப்பு இருந்தது. அதைவிடப் பெரிய காப்பாக வந்தது எவர்சில்வர். மருந்தால் அல்லாமல் பாத்திரக் கடையால் ஒழிந்த நோய் இது. மருத்துவ வரலாற்றில் இப்படிப்பட்ட வெற்றிகளுக்கு யாரும் மாலை போடுவதில்லை.

காசநோய்த் தடுப்பூசி வந்த கதை இதைவிடக் கரடுமுரடானது. பி.சி.ஜி. மருந்தைத் தயாரிக்க 1948இல் கிண்டியில் ஆய்வுக்கூடம் தொடங்கியது. நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைப் போடத் தொடங்கியபோது, 1955இல் ராஜாஜி வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். உயிருள்ள கிருமியை நலமாக இருக்கும் குழந்தைக்குள் செலுத்துவதா என்பது அவர் கேள்வி. அதன் பின் 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மிகப் பெரிய பரிசோதனை, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. ராஜாஜி வென்றார் என்று தோன்றும். ஆனால் கைக்குழந்தைகளின் மூளைக்குள் காசநோய் பரவும் கொடுமையை அது நன்றாகவே தடுக்கிறது. அதனால்தான் பிறந்தவுடன் இடது தோளில் போடும் ஊசியாக இன்றும் நீடிக்கிறது.

கிராமத்தில் உண்மையான திருப்பம் வந்தது 1980களில். டென்மார்க் அரசின் டானிடா உதவியுடன் சேலம், தென்னார்க்காடு ஆகிய இரு மாவட்டங்களிலும் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் துணை சுகாதார நிலையம் அமைத்து, அதிலேயே கிராம சுகாதார செவிலியர் குடியிருக்க இடம் கொடுப்பது அதன் முக்கிய அங்கம். பார்வைக்கு இரண்டு அறைக் கட்டடம். ஆனால் நர்சம்மா ஊருக்குள்ளேயே வசிக்கிறார் என்ற நிலை புதியது. நள்ளிரவில் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பது ஊராருக்குத் தெரிந்தது. யார் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு மூன்றாம் ஊசி பாக்கி என்பது நர்சம்மாவின் பதிவேட்டில் இருந்தது. 1985இல் அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் வந்தபோது அதைத் தோளில் சுமக்க ஆள் தயாராக இருந்தார்.

அந்தச் சுமை ஒரு சின்னப் பெட்டி. புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்ப்பெட்டியிலிருந்து ஐஸ் கட்டிப் பொதிகள் நாற்புறமும் வைத்த பெட்டியில் மருந்துக் குப்பிகள் அடுக்கப்பட்டு, பஸ்ஸிலோ சைக்கிளிலோ ஊர் போய்ச் சேரும். பின்னாளில் வந்த குப்பிகளின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிடப்பட்டிருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கும் வரை மருந்து நல்லது. சூடுபட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைக் கொட்டிவிட வேண்டும். தூளைக் கரைத்துப் போடும் பி.சி.ஜி., தட்டம்மை மருந்துகளைக் கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் குழந்தையை அங்கேயே வைத்திருந்து அனுப்புவார்கள். நூறாண்டுக்கு முன் கிண்டியிலிருந்து கிளம்பிய மருந்து வழியில் செத்தது ஏன் என்ற கேள்விக்கு இந்தக் கறுக்கும் சதுரமே பதில்.

போலியோவில் வேலூரின் பங்கு தனித்துச் சொல்லத்தக்கது. மேல்நாட்டில் மூன்று தடவை கொடுத்தால் போதும் என்றிருந்த சொட்டு மருந்து நம் ஊர்க் குழந்தைகளின் குடலில் அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை என்று சி.எம்.சி.யின் ஜேக்கப் ஜான் கண்டறிந்து, அதிகத் தவணைகள் வேண்டும் என்று வாதாடினார். ஒரே நாளில் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கும் முறை 1980களில் வேலூரில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1995 டிசம்பர் 9இல் அது நாடு தழுவிய இயக்கமானது. சுண்டுவிரலில் மை, வீட்டுச் சுவரில் சாக்பீஸ் குறி என்று தேர்தல் போல நடந்தது. தமிழ்நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 2004இல் பதிவானார். இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், ஹவுராவில்.

பேதிக்கு மருந்து வந்தது எளிய பொட்டலமாக. 1971 வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில், காலராவால் துவண்டவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தே திலீப் மஹலனாபிஸ் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். குடலில் சர்க்கரை உறிஞ்சப்படும்போது உப்பையும் தண்ணீரையும் கூடவே இழுத்துச் செல்கிறது. அதுதான் சூட்சுமம். இந்தக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைக்குக் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போதும். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் உதவும். கூடவே துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்தால் 10, பதினான்கு நாள். பேதி இரண்டாம் நாளே நின்றுவிட்டாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது. பேதிக்கு முதல் காரணமான ரோட்டா கிருமிக்கு இந்தியாவிலேயே உருவான ரோட்டாவாக் சொட்டு மருந்து சோதிக்கப்பட்ட மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. 2017இல் அது தமிழ்நாட்டின் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது.

இத்தனையும் சேர்ந்து எண்களில் தெரிந்தது. தமிழ்நாட்டில் 1971இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 1991இல் அது 57, 2011இல் 22, 2020இல் 13.

ஏறுமுகம் மட்டுமே இருக்கவில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. எச்சரிக்கையான முடிவுதான், ஆனால் அதற்கு விலை உண்டு. கூலி வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போக வேண்டிய தாய்மார்கள் தவணைகளைத் தவறவிட்டிருப்பார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 2005-06இல் முழுத் தடுப்பூசி பெற்ற தமிழ்நாட்டுக் குழந்தைகள் 80.9 சதவீதம். 2015-16இல் 69.7 சதவீதம். காரணம் பல இருக்கலாம், வாசலுக்கு வந்த பெட்டி நின்றுபோனதும் அவற்றில் ஒன்று என்று கருத இடமுண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ருபெல்லா இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியால் பள்ளி வாசலிலேயே பெற்றோர் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துப் போனார்கள். எல்லிஸ் கண்ட பயம் இருநூறு ஆண்டுக்குப் பிறகும் சாகவில்லை. ஆனாலும் அடுத்த கணக்கெடுப்பில் முழுத் தடுப்பூசி அளவு 89.2 சதவீதமாக ஏறியது.

தீவிர சிகிச்சை இன்று அருகில் வந்துவிட்டது. விழுப்புரம் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவண்ணாமலையிலும் உண்டு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை இன்னொரு பக்கம். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் வண்டி ஓடுகிறது. ஓராண்டுக்குள் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் இப்போது முதல் 28 நாளுக்குள் இறப்பவர்கள். குறைமாதம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித்தொற்று ஆகியவை காரணம். தடுப்பூசியால் தீராத பிரச்சினை இது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், தாயின் மார்போடு தோல் ஒட்ட அணைத்துச் சூடு காப்பது, தொப்புளில் எதுவும் வைக்காமல் உலரவிடுவது, எடை குறைந்த குழந்தையை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது ஆகியவைதான் இதற்கு மருந்து.

ஆகவே கைக்குழந்தை பால் குடிக்க மறுத்தால், மூச்சு வாங்கும்போது நெஞ்சுக்கூடு உள்வாங்கினால், உடம்பு சில்லிட்டாலோ கொதித்தாலோ, வலிப்பு வந்தால், எழுப்பியும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தால், மந்திரிக்கவோ தொக்கம் எடுக்கவோ நேரம் கழிக்காமல் முதலில் 108ஐ அழைக்க வேண்டும். வண்டி வருவதற்குள் ஊரிலுள்ள நர்சம்மாவைக் கூப்பிட வேண்டும்.